எழுத்துக்கும் வசைக்கும் ஒரே சொல்

4 அக்டோபர் 2009, ஞாயிறு

இன்று மதியம் பெண்களுக்கான எழுத்தறிவு வகுப்பு தொடங்கியது. பள்ளியின் கடைசி அறை. காலையில் ஆறு வயதுச் சிறுமிகள் உட்காரும் பெஞ்சுகளில் மதியம் அவர்களுடைய பாட்டிமார்களும் அம்மாக்களும் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். பதினொரு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். ஒன்பது பேர் வந்தார்கள். பத்தாவதாக, அரை மணி நேரம் கழித்து, கதவைத் தட்டாமல் உள்ளே வந்தவர் உம்மு ஹாயில்.

ஹாயிலின் அம்மா.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதே மறந்துபோயிற்று. கைத்தடியை ஊன்றி நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ மிஃப்லிஹ் தங்கச்சி தமாம்தானே?"

"ஆமா, பெரியம்மா."

"உங்க வீட்டோட எனக்குப் பேச்சுவார்த்தை இல்ல. ஆனா ஊர்ல வேற வகுப்பும் இல்ல. எழுத்து மேல எனக்கென்ன பகை? எங்க உட்காரணும், காட்டு."

இரண்டு மாத்திரைப் பெட்டிகள், இரண்டும் வெள்ளை. ஒன்று சர்க்கரைக்கு, ஒன்று ரத்த அழுத்தத்துக்கு. நான்கு நாள் மாற்றி விழுங்கி மயங்கி விழுந்தாராம். இனி யாரையும் கேட்டு நிற்கமாட்டேன், நானே படித்துக்கொள்கிறேன் என்று வந்திருக்கிறார். எழுபது வயது.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக அவரோடு பேசினேன். வீட்டுக்கு வந்ததும் அலமாரியைக் கிளறி இந்த நோட்டை எடுத்தேன். எழுதாமல் எப்படி இருப்பது? ஹாயில் என்று எழுதிப் பார்க்கிறேன். நாற்பத்தைந்து வயதில், மை தொட்டுப் பழகும் சிறுமியைப் போல.

5 அக்டோபர்

அவருக்கு ஹாயிலின் நெற்றி. இத்தனை வருஷம் இது தெரியாமல் போயிற்று. தெருவில் கண்டால் முகம் தெரிகிற தூரம் வருவதற்குள் நான் வேறு சந்தில் திரும்பிவிடுவேன்.

11 அக்டோபர், ஞாயிறு

கரும்பலகையில் அரபியின் இருபத்தெட்டு எழுத்துகளையும் எழுதி, மேலே 'ஹிஜா எழுத்துகள்' என்று தலைப்புப் போட்டு வாசித்துக் காட்டினேன். நிஜ்மா கையைத் தூக்கினாள். ரொட்டிக் கடைக்காரரின் மனைவி. வகுப்பிலேயே இளையவள், வாய் ஓயாதவள்.

"மிஸ், ஹிஜான்னா ஒருத்தரைத் திட்டிப் பாட்டுக் கட்டறதில்லையா? கல்யாண வீட்டுல ரெண்டு புலவருங்க எதிரெதிரா நின்னு ஒருத்தன் மானத்தை ஒருத்தன் வாங்குவாங்களே?"

"ரெண்டுக்கும் அதே சொல்தான், நிஜ்மா."

"அப்ப எழுத்து சொல்லித் தர்றீங்களா, திட்டச் சொல்லித் தர்றீங்களா? திட்டுறதுன்னா நான் ஏற்கெனவே பாஸ். எங்க மாமியாரைக் கேட்டுப் பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். உம்மு ஹாயில் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து சொன்னார்: "எனக்குத் தெரிஞ்சது அந்த ஹிஜா மட்டும்தான். கரக்லேருந்து அம்மான் வரைக்கும் ஓடுற ஒவ்வொரு டாக்ஸியிலயும் என் பேரு கேசட்டுல ஓடிச்சு. இந்த ஹிஜா எப்படி இருக்குன்னு பாக்கலாம். நீ மேல சொல்லு, மிஸ்."

அந்தப் பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம். நிஜ்மா மட்டும், அவள் அப்போது குழந்தை, பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்து என்ன என்று கேட்டாள்.

வகுப்பு முடிந்து நூலகத்துப் பெரிய அகராதியை எடுத்துப் பார்த்தேன். ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துச் சொல்வது ஹிஜா. ஒருவரைக் கவிதையில் பழிப்பதும் ஹிஜா. எது முதலில் வந்தது என்பது அங்கே தெளிவாக இல்லை. எழுத்துக்கூட்டுவதுபோல ஒருவருடைய குறைகளை ஒன்றொன்றாக எடுத்து வைப்பதால் அந்தப் பெயர் வந்ததோ என்னவோ. நாள் கொடுமையாகச் சுட்டெரிப்பதற்கும் அதே வேர்ச்சொல். கணவனோடு வாழ்ந்த வாழ்க்கையை ஒரு பெண் குறை சொன்னால் அதற்கும் அதே சொல்.

குறை சொல்லவாவது ஒரு வாழ்க்கை கிடைத்திருக்கலாம் எனக்கு.

இதையும் எழுதிவிடுகிறேன். இதுவரை எங்கும் எழுதாதது. அந்தப் பாட்டைக் கட்டியது மிஃப்லிஹ் அண்ணன் இல்லை. நான்.

12 அக்டோபர், திங்கள்

எழுதிய பிறகு நோட்டை மூடிவைத்துவிட்டு அரிசி களைந்தேன். மறுபடியும் திறந்துவிட்டேன். ஆரம்பித்ததை முடிக்க வேண்டும்.

நானும் ஹாயிலும் ஒரே பஸ்ஸில் இரண்டு வருஷம் போய்வந்தோம். நான் ஆசிரியர் கல்லூரிக்கு, அவன் நில அளவை அலுவலகத்துக்கு. நான் முன் இருக்கை, அவன் பின் இருக்கை. அவன் ஜன்னலைப் பார்த்துப் பேசுவான். நானும் ஜன்னலுக்கே பதில் சொல்வேன். யாராவது பார்த்தால் இரண்டு பேர் தனித்தனியாக வெளியே வேடிக்கை பார்க்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். அம்மாவைப் பற்றி, அப்பாவைப் பற்றி, அவர்களுடைய ஆடுகளைப் பற்றிச் சொல்வான். சிரிப்பை அடக்க முடியாமல் நான் கைப்பையில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.

1987 ஜூலையில் ஒரு வியாழக்கிழமை அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் பெண் கேட்டு வருவதாக இருந்தது. அப்பா முற்றத்தில் நாற்காலி போட்டார். காப்பி மூன்று முறை சூடாயிற்று. யாரும் வரவில்லை. சொல்லியனுப்பவும் இல்லை. மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வந்து சொன்னாள்: "ஹாயிலோட அம்மா வேண்டான்னுட்டாளாம். பொண்ணா பெத்துப் போட்ட வீடு, அந்த வயித்துல பொறந்தவளும் பொண்ணாத்தான் பெப்பான்னு சொன்னாளாம்."

எங்கள் வீட்டில் நாங்கள் ஐந்து பெண்கள். மிஃப்லிஹ் ஒருவன்தான் ஆண்.

அன்று மதியமே ஒரே மூச்சில் கட்டினேன். அவருடைய சொந்தப் பெயர் ஃபித்தா, வெள்ளி. அதையே பிடித்துக்கொண்டேன்.

*பேரில் வெள்ளி, தொட்டுப் பார்த்தால் கரி.*
*விருந்தாளி வந்தால் ஃபித்தா வீட்டு ஜமீத் கல்;*
*வாசல் தாண்டிப் போனதும் அதுவே தயிர்.*
*மகனோ அவள் துணி முனையில் முடிந்த சாவி,*
*அவள் அவிழ்த்தால்தான் அவனுக்கு வாய் திறக்கும்.*

இன்னும் எட்டு அடிகள் உண்டு. காயவைத்த தயிரான ஜமீத் கட்டியைக் கரைக்காமல் இந்த ஊரில் விருந்து கிடையாது. ஒரு வீட்டைப் பார்த்து ஜமீத் கரையாத வீடு என்று சொல்வதும் அந்த வீட்டுக் கதவைப் பெயர்த்துத் தெருவில் போடுவதும் ஒன்று. தெரிந்துதான் சொன்னேன். மிஃப்லிஹிடம் படித்துக் காட்டினேன், அழுதுகொண்டே. அவன் அழவில்லை. "இதை என்கிட்ட குடு" என்றான். மூன்றாம் நாள் ஒரு கல்யாணத்தில், நூறு ஆண்கள் கை தட்டி நிற்க, பாடிவிட்டான். யாரோ கேசட்டில் பிடித்துவிட்டார்கள்.

அவர்கள் ஏன் வரவில்லை என்பது அதற்கும் இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. அந்த வியாழக்கிழமை காலையில் ஹாயிலின் அப்பாவுக்குப் பக்கவாதம். அம்மான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். எங்கள் தெருக்கோடிக் கடைக்கு போன் செய்தார்களாம். கடை அன்று பூட்டியிருந்தது. பதினோராம் நாள் அவர் போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு வீட்டுக்குள் கசப்புக் காப்பி ஊற்றுகிறார்கள், தெருவில் போகிற டாக்ஸியில் என் பாட்டு.

நாற்பதாம் நாளுக்குப் பிறகு ஊர்ப் பெரியவர்கள் மிஃப்லிஹை அழைத்துக்கொண்டு அவர்கள் முற்றத்துக்குப் போனார்கள். வழக்கப்படி, மன்னிப்பு கிடைக்கும்வரை ஊற்றிய காப்பியை யாரும் தொடவில்லை. மிஃப்லிஹ் தலைத்துணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாகச் சொல்லி, ஒவ்வொன்றும் பொய் என்றான். பிறகுதான் காப்பியைக் குடித்தார்கள். ஒரு ஆண் கட்டிய வசை என்றால் ஒரு காப்பியில் முடியும். பெண் கட்டியது என்று தெரிந்தால் எங்கே போய் முடியுமோ என்று அப்பா பயந்தார். என்னை மாடிக்கு அனுப்பிவிட்டார்.

அடுத்த மாதம் ஹாயில் அகபாவுக்குப் போய்விட்டான், துறைமுகத்தில் வேலைக்கு. அவமானம் தாங்காமல் போனான் என்றது ஊர். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

19 அக்டோபர், திங்கள்

எல்லோரும் தங்கள் பெயரை எழுதினார்கள். உம்மு ஹாயில் 'உம்மு ஹாயில்' என்று எழுதிக் கொடுக்கச் சொல்வார் என்று நினைத்தேன். இல்லை. "ஃபித்தான்னு எழுது. மூணே எழுத்துதானாமே" என்றார். பென்சிலை விறகு பிடிப்பதுபோலப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு பக்கம் முழுக்க எழுதினார். நடு எழுத்தின் மேல் புள்ளி வைக்க மறந்து மறந்து வைத்தார்.

"இவ்வளவுதானா?" என்றார். "இதுக்கா அத்தனை சத்தம்."

25 அக்டோபர்

அவர் வரவில்லை. முழங்காலாம்.

27 அக்டோபர், செவ்வாய்

போய்ப் பார்த்தேன். போகாமல் இருந்திருக்கலாம்.

அந்த முற்றத்தில் முதல் முறையாகக் கால் வைத்தேன். மருமகளாக வந்திருக்க வேண்டிய முற்றம் என்று எழுதுகிறேன். எழுதிவிட்டு அடிக்க மனம் வரவில்லை. மாதுளை மரம், ஆடுகள் இல்லாத ஆட்டுப்பட்டி. சுவரில் அகபாவில் எடுத்த படம்: கடல், ஹாயில், மனைவி, மூன்று பெண் பிள்ளைகள். அவனுக்கு வழுக்கை விழுந்திருக்கிறது. சிரிக்கும்போது தலையைச் சாய்ப்பது மட்டும் அப்படியே.

பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்தேன். உட்கார் என்றார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்தார். உதவப் போனால் தடியைக் காட்டி விரட்டினார். ஒரு மணி நேரத்தில் என் முன்னால் ஒரு தாம்பாளம்: சோறு, ஆட்டுத்தொடை, மேலே ஜமீத் குழம்பு குளம் கட்டி நிற்கிறது. என் ஒருத்திக்கு.

"பெரியம்மா, இதை ஆறு பேர் சாப்பிடலாம்."

"எடு. வெளிய போய் ஒன்னும் போடலன்னு சொல்லிடாதே." சிரிக்காமல் சொன்னார். "அந்தப் பாட்டு வந்ததுலேருந்து இந்த வாசலை மிதிச்சவங்க யாரும் வெறும் வயித்தோட போனதில்ல. தபால்காரன் இந்தத் தெருவுக்கு வரவே பயப்படுறான். மீட்டர் பாக்க வர்றவன் வீட்டுல சாப்பிட்டுட்டேன்னு பொய் சொல்றான்."

"முன்னாடியும் போட்டிருப்பீங்கதானே."

"முன்னாடியும் போட்டேன். அப்பல்லாம் யாரு எத்தனை பிடி எடுத்தான்னு பாத்ததில்ல. இப்ப பாக்குறேன். எடு, நாலு பிடிதான் எடுத்திருக்கே."

சாப்பிட்டேன். ஐந்தாவது பிடி, ஆறாவது பிடி. கவிதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன் அதை. எதுகை நன்றாக அமைந்தது என்றுகூட உள்ளூர ஒரு பெருமை இருந்தது. இருந்தது, ஏன் மறைக்கணும், இந்த வாரம் வரைக்கும் இருந்தது.

1 நவம்பர், ஞாயிறு

காலையில் கீழே போய் மிஃப்லிஹ் அண்ணனிடம் சொன்னேன். நான் மாடியில் இருக்கிறேன், அவன் குடும்பம் கீழே. முற்றத்தில் ஆலிவ் காய்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, உம்மு ஹாயில்கிட்ட உண்மையைச் சொல்லிடப் போறேன்."

"எந்த உண்மை?"

"பாட்டு யாரோடதுன்னு."

கையிலிருந்த காயை வைத்துவிட்டான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகப் போயிருந்தேன். அவன் முகம் வேறு மாதிரி ஆயிற்று.

"பதினெட்டு வருஷம் பட்டாளத்துல இருந்தேன், ஒரு பயலுக்கும் என் பேரு ஞாபகமில்ல. இன்னிக்கும் ஒரு கல்யாணத்துக்குப் போனா 'ஜமீத் பாட்டு மிஃப்லிஹ் வந்துட்டான்'னு எடம் விடுறாங்க. நானும் நூறு பாட்டு கட்டியிருக்கேன், தமாம். ஒன்னையாவது யாராவது திருப்பிக் கேட்டிருக்காங்களா? அந்த ஒன்னுதான் எனக்கு இருக்கு."

"அது உன்னுது இல்லையே, அண்ணே."

"தலைத்துணியைக் கழட்டினது நான்தானே. அப்ப அது என்னுதா இல்லையா?"

அவன் எதிரே உட்கார்ந்து நானும் காய்களைப் பிரித்தேன்.

9 நவம்பர்

மழைக்கு முந்தின காற்று. பஸ் நிலையம் வழியாக வந்தேன். பழைய பஸ்கள் எதுவும் இல்லை, எல்லாம் மாற்றிவிட்டார்கள். ஆனாலும் பின் ஜன்னல் ஓரம் யார் என்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

17 நவம்பர், செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

வகுப்பு முடிந்து மற்றவர்கள் போய்விட்டார்கள். அவர் மட்டும் மாத்திரைப் பெட்டியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார். பாதிப் பெயர் வந்துவிட்டது. நான் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"பெரியம்மா, அந்தப் பாட்டு அண்ணன் கட்டினது இல்ல. நான் கட்டினது."

பெட்டியைக் கீழே வைத்தார். "திருப்பிச் சொல்லு."

சொன்னேன்.

"எல்லா அடியுமா?"

"எல்லா அடியும்."

கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு பேசத் தொடங்கினார். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான்.

"என் புருஷன் நாலு பேரு முன்னாடி என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. செத்துக் கெடந்தான், வெளிய டாக்ஸிக்காரன் என் பேரைப் போட்டுக்கிட்டுப் போறான். நீ படிச்சவ. உனக்குத் தெரியாதா ஒரு பொம்பளை பேரை எங்க வைக்கணும்னு? உன் அண்ணன் வந்து நின்னான். மன்னிச்சேன். பெரிய மனசு எனக்குன்னு ஊரே சொல்லிச்சு. தப்பான ஆளை மன்னிச்சிருக்கேன். அந்த மன்னிப்பை இனி நான் எங்க போய்த் திரும்ப வாங்குறது? அவன் துணியைக் கழட்டிக்கிட்டு நின்னப்ப நீ எங்க இருந்தே?"

"மாடியில, பெரியம்மா. துணி காயப்போட்டுக்கிட்டு."

"காஞ்சிருச்சா?"

நான் அழுதேன். அவர் கண்டுகொள்ளவில்லை.

"அன்னிக்கு நான் என்னமோ சொன்னேன்னு உன்கிட்ட எவளோ சொன்னாளாமே. என்ன சொன்னேனாம்?"

"பொண்ணா பெத்துப் போட்ட வீடுன்னு..."

"அதை நான் சொல்லல. நான் மூணு குழந்தையைப் பறிகொடுத்தவ, பொண்ணு வேண்டாம்பேனா? உனக்கு நாக்கு நீளம்னு சொன்னேன். அதுவும் 'நாக்கு நீளம், போகட்டும், மருமகளா வந்தா சரியாயிரும்'னு சொன்னேன்." தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நாக்கு நீளம்னது தப்பா? சொல்லு."

நோட்டு, பென்சில், மாத்திரைப் பெட்டி, எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். வாசலில் ஒரு படி உண்டு. பிடித்துக்கொள்ளக் கை நீட்டினேன். தொடவில்லை.

18 நவம்பர்

அண்ணன் என்னோடு பேசுவதில்லை. அண்ணி மட்டும் குழம்பைப் படியில் வைத்துவிட்டுப் போகிறாள்.

22 நவம்பர்

அவர் வரவில்லை. வரமாட்டார்.

28 நவம்பர், சனி. பெருநாளின் இரண்டாம் நாள்

ஹாயில் வந்தான்.

அண்ணிதான் மேலே ஓடி வந்து சொன்னாள். "அகபாக்காரர் வந்திருக்காரு. உன்கிட்டயும் ஒரு வார்த்தை பேசணுமாம். உங்கண்ணன் சரின்னுட்டாரு." எந்தத் துணியைத் தலையில் போட்டேன் என்றுகூட நினைவில்லை.

கூடத்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். காப்பியைக் குடித்திருந்தான், அதைத்தான் முதலில் பார்த்தேன். ஐம்பது வயது. எழுந்து நின்று பெருநாள் வாழ்த்துச் சொன்னான். அண்ணன் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, பேரீச்சம்பழம் எடுத்து வருகிறேன் என்று எழுந்து போனான். பழம் மேஜைமேல்தான் இருந்தது. கதவைத் திறந்தே வைத்துவிட்டுப் போனான்.

"அம்மா போன்ல சொன்னாங்க" என்றான்.

"நீங்க என்னைத் திட்டணும்னா திட்டுங்க."

"எனக்கு அது முன்னாடியே தெரியும், தமாம்."

புரியாமல் பார்த்தேன்.

"ஜமீத். அப்பா கண்டவனுக்கெல்லாம் எடுத்துக் குடுத்துருவாருன்னு அம்மா கட்டிலுக்கடியில ஒளிச்சு வைப்பாங்க. விருந்தாளி வந்தா எங்க வீட்டு ஜமீத் கல்லாயிரும், போனதும் தயிராயிரும்னு சொல்லிச் சிரிச்சேனே. பஸ்ஸுல. உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். முதல் தடவை கேசட்டைக் கேட்டப்பவே தெரிஞ்சிருச்சு."

அவனுடைய சிரிப்பு அது. நான் மறந்தே போயிருந்தேன். கோபத்தில் கைக்கு அகப்பட்டது, என்னுடையது என்றே நினைத்து எடுத்து வீசிவிட்டேன். யோசித்துப் பார்க்கிறேன் — சாவி என்றதும், துணி முனை என்றதும்கூட அவன் சொன்னதுதானோ? எல்லாமே அவன் ஜன்னலைப் பார்த்துச் சொன்னதுதானோ?

"உங்க அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா ஆயுசுக்கும் உன்னைச் சபிச்சிருப்பாங்க. மிஃப்லிஹைச் சபிச்சாப் பரவாயில்ல, அவன் தாங்குவான்னு நினைச்சேன்." லேசாகத் தலையைச் சாய்த்துச் சிரித்தான். பிறகு சிரிப்பு போய்விட்டது. "அவமானத்துல அகபாவுக்குப் போனேன்னு ஊர் பேசிச்சு. பாட்டுக்காக யாராவது ஊரை விட்டுப் போவாங்களா? நீ கட்டினதுன்னு தெரிஞ்சப்புறம் இங்க இருக்க முடியல. அகபாவுல ரெண்டு கோடை காத்துக்கிட்டு இருந்தேன். எழுதத் தெரிஞ்சவ, ஒரு வரியாவது எழுதுவான்னு. நான்தான் கட்டினேன்னு ஒரே வரி. வேற ஒன்னும் வேண்டியிருக்கல."

"எழுதியிருந்தா?"

அவன் வாசல் பக்கம் பார்த்தான். "கார்ல எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. சின்னவளுக்கு வயித்து வலி" என்றான்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெள்ளைக் கார். பின்னால் மூன்று தலைகள். முன்னால் உட்கார்ந்திருந்தவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை. நல்ல பெண்ணாக இருக்க வேண்டும், கணவனை உள்ளே அனுப்பிவிட்டுக் காத்திருந்தாளே.

29 நவம்பர்

ரெண்டு கோடை. ரெண்டு கோடையும் நான் அதே பஸ்ஸுல போயிட்டு வந்துக்கிட்டு இருந்தேன். பின்னாடி திரும்பிப் பாக்காம. ஒரு வரிடி. எழுதத் தெரிஞ்சவதானே நீ. பதிமூணு அடி எழுதத் தெரிஞ்சுது, ஒரு வரி எழுத வரல.

30 நவம்பர்

கை இன்று இதற்குமேல் எழுதாது.

20 டிசம்பர், ஞாயிறு

நிஜ்மா வகுப்பில் சொன்னது. வியாழக்கிழமை அவர்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அண்ணனைப் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள். வழக்கம்போல ஜமீத் பாட்டு, ஜமீத் பாட்டு என்று கத்தியிருக்கிறார்கள். "அது என்னுது இல்ல, அதை இனி பாடமாட்டேன்" என்றிருக்கிறான். யாருடையது என்று கேட்டதற்கு, "அதைக் கேக்க உனக்கு உரிமை இல்ல" என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டு ஒன்றைத் தொடங்கியிருக்கிறான். மழை பற்றியது. நான்காவது அடிக்குள் பாதிக் கூட்டம் சாப்பிடப் போய்விட்டதாம்.

"அண்ணன் நிறுத்திட்டாரா?" என்று கேட்டேன்.

"எங்க நிறுத்தினாரு? இருபது அடியும் பாடிட்டுத்தான் எறங்கினாரு, மிஸ். எங்க வீட்டுக்காரர் மட்டும் நின்னு கேட்டாரு. காலு மரத்துப் போச்சாம்."

வீட்டுக்கு வந்து கீழ்க் கதவைத் தட்டினேன். அந்த மழைப் பாட்டை எனக்குச் சொல்லு அண்ணே என்றேன். நாற்காலியில் கிடந்த துணியை எடுத்து ஓரமாகப் போட்டான். பிறகு, "உட்காரு" என்றான். ஒரு மாதத்தில் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. பாட்டு சுமார்தான். பத்தாவது அடி ஒன்று நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று அதை மட்டும் சொன்னேன். நம்பினான், ஏனென்றால் மற்றவற்றைச் சொல்லவில்லை.

10 ஜனவரி 2010, ஞாயிறு

குளிர். அறையில் எண்ணெய் அடுப்பு மூட்டி அதன்மேல் எல்லோருக்கும் தேநீர் வைத்திருந்தேன். கதவு தட்டாமல் திறந்தது.

உம்மு ஹாயில் நேராகப் போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. நிஜ்மாவைப் பார்த்து, "எத்தனை பாடம் போயிருக்கு? உன் நோட்டைக் குடு" என்றார். தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டார். வகுப்பு முடியும்வரை என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நான் கேள்வி கேட்டால் கரும்பலகைக்குப் பதில் சொன்னார்.

வந்தார். வந்தார் என்று இரண்டு முறை எழுதுகிறேன்.

2 பிப்ரவரி

மாத்திரைப் பெட்டி இரண்டையும் முழுசாகப் படித்தார். கம்பெனிப் பெயரைக்கூட விடவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். "சத்தம் போடாதீங்க, இன்னும் தேதி பாக்கி இருக்கு" என்றார்.

7 மார்ச், ஞாயிறு

சொந்தமாக நான்கு வரி எழுதி வரச் சொல்லியிருந்தேன், எதைப் பற்றியானாலும் சரி. வீட்டைப் பற்றி, பேரப்பிள்ளைகளைப் பற்றி எழுதி வந்தார்கள். நிஜ்மா மாமியாரைப் பற்றி எழுதியிருந்தாள். அதை நான் உரக்கப் படிக்க விடவில்லை.

உம்மு ஹாயில் எழுந்து நின்றார். ஒரு வாரம் உட்கார்ந்து எழுதியதாம். நோட்டை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"எங்க மிஸ்ஸுக்கு நாக்கு ஒரு முழம், நெஞ்சு ஒரு விரல்.
ஊருக்கே எழுத்து சொல்வா, உண்மை சொல்ல இருபத்திரண்டு வருஷம்.
அவ போடுற தேநீர், ஆடு குளிச்ச தண்ணி.
என் வீட்டுக்கு வந்திருந்தா நான் கத்துக்கொடுத்திருப்பேன்."

மூன்றாவது வரிவரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரியில் நிஜ்மாவும் சிரிக்கவில்லை. அவளுக்கு இப்போது விஷயம் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்.

உம்மு ஹாயில் நோட்டை என் மேஜையில் போட்டார். நவம்பருக்குப் பிறகு முதல் முறையாக முகத்துக்கு நேராகப் பார்த்துப் பேசினார்.

"தப்பு இருக்கா, பாரு."

பார்த்தேன். எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். முதல் மூன்று வரிகளிலும் பிழை இல்லை. கடைசி வரியில் ஒரே சொல்லில் மட்டும் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அந்தச் சொல்லின் கீழே சிவப்புக் கோடு போட்டு, சரியான எழுத்தை மேலே எழுதினேன். பிழையான சொல்லை ஐந்து தடவை எழுதிக் காட்ட வேண்டும், வகுப்பில் எல்லோருக்கும் அதுதான் விதி.

"எந்தச் சொல்?" என்றார்.

"வந்திருந்தா."

இடத்துக்குப் போய் உட்கார்ந்து, பென்சிலைச் சீவி, நாக்கைக் கடித்துக்கொண்டு, அந்தச் சொல்லை ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்து தடவை எழுதினார். அவர் எழுதி முடிக்கும்வரை நான் அடுத்த நோட்டைத் திறக்கவில்லை.